உங்களுக்குத் தெரியுமா? மீட்டர் 12 வோல்ட் காட்டினாலும் ஃபாக் லேம்ப் எரியாமல் போகலாம்!

காரின் முன்பக்க ஃபாக் லேம்ப் எரியவில்லையா? ஒன்றா, இரண்டுமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் என்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச். ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, கனெக்டர், எர்த் ஒயர்.

பம்பரின் அடியில் இருப்பதால் தண்ணீரும் சேறும் முதலில் அடிப்பது இந்த விளக்கைத்தான். கனெக்டரில் பச்சை பூத்துவிடும். இங்கேதான் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும். அது இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு; ஆகவே பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், அரித்துப்போன ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். 55 வாட் பல்போ 4.5 ஆம்பியர் கேட்கும். அந்த ஒயரால் அதைத் தர முடியாது!

ஆகவே பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, கனெக்டரின் பின்பக்கமாக இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். பேட்டரி அளவைவிட நன்றாகக் குறைகிறதா? அடுத்து எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி எர்த். இல்லையேல் பாசிட்டிவ் பக்கம்.

ஃபியூஸ் அடிக்கடி போனால், யாராவது 100 வாட் பல்பு மாட்டினார்களா என்று விசாரியுங்கள். இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; 15 ஆம்பியர் ஃபியூஸ் பாவம், என்ன செய்யும்? பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது முட்டாள்தனம். ஒயர் உருகும்.

பல கார்களில் பார்க்கிங் லைட்டைப் போட்டால்தான் ஃபாக் லேம்ப் எரியும். மெக்கானிக்கிடம் போகுமுன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.