தங்கவயலின் வெளுத்த விரல்கள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலே, ஆண்டர்சன்பேட்டையிலும் அதைச் சுற்றிய லைன் குடியிருப்புகளிலும் வாழ்ந்துவரும் பழைய சுரங்கத் தொழிலாளரின் வியாதி என்றால், பாறைத்தூள் ஸ்வாசகோசத்தில் படிவதால் உண்டாகும் சிலிகோஸிஸ்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். 1940-களில் நடந்த பரிசோதனையில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அதற்கு ஆளாகியிருக்கக் கண்டார்கள். அந்தப் பாறையைத் துளைத்த கருவியின் அதிர்வு, அதைப் பிடித்திருந்த கையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை என்ன செய்தது என்று கேட்டவர்கள் அரியர். இதை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பின் சிவந்து மீளும் நிலையை 1862-இல் வர்ணித்தவர் மொரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர். காற்றழுத்தக் கருவியால் சுண்ணாம்புக்கல் வெட்டிய அமெரிக்கத் தொழிலாளரிடம் அதையே கண்டு 1918-இல் எழுதியவர் வைத்தியர் ஆலிஸ் ஹாமில்டன். முதலில் ஒரு விரலின் நுனி வெளுக்கும். பிறகு கணுக்கணுவாக ஏறும். வருஷங்கள் செல்லச் செல்ல உணர்ச்சி மங்கி, சட்டைப் பொத்தானைப் போடவும், தரையில் விழுந்த காசைப் பொறுக்கவும் முடியாதபடி கை பலமிழந்துபோகும். கருவியை விட்டபின்னும் மரமரப்பு முற்றும் நீங்குவதில்லை.

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான, தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையே தகித்துக்கொண்டிருக்க, குளிரில் வெளிப்படும் வியாதி அங்கே எவ்வாறு முகங்காட்டியிருக்கும்? மார்கழி விடியலில் குழாயடியில் விரல் வெளுத்தாலும், டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் சிவந்துவிடும், எக்ஸ்ரேயிலும் அகப்படாது.

இன்னும் கவலை தருவது ஒன்றுண்டு. தோல் இறுகிக் கெட்டிப்படும் ஸ்கிளிரோடெர்மா என்ற அபூர்வ வியாதியை, 1957-இல் எராஸ்மஸ் என்ற மருத்துவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே கண்டார். பாறைத்தூளிலுள்ள சிலிக்கா தூசியோடு சம்பந்தப்பட்ட அதற்கும் முதல் அறிகுறி பெரும்பாலும் விரல் வெளுப்பே. நாளடைவில் விரல்நுனியில் ஆறாத புண், ஸ்வாசகோச நாளங்களில் ரத்த அழுத்தம், சிலருக்குச் சிறுநீரகச் சேதம் என்று அது முற்றும். ஆகவே, வெளுப்பு அதிர்வினால் வந்ததா தூசியினால் வந்ததா என்பதை, நகத்தடி நுண்குழாய்களை லென்ஸ் வைத்துப் பார்த்தும், ரத்தத்தைச் சோதித்தும் பிரித்தறிவது அவசியம்.

பிரிட்டனில் அதிர்வு வெளுப்பு 1985-இல் தொழில்நோயாக அங்கீகரிக்கப்பட்டது. இங்கேயோ அதைப் பற்றிக் கேட்பவர்கள் அரிதாகவே இருக்க, தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டுவிட்டன. அங்கே துளையிட்டவர்கள் இன்று முதியவர்கள். மார்பைப் பரிசோதிக்கும் வைத்தியர்கள் அவர்கள் கைகளையும் விரிக்கச் சொல்லிப் பார்க்கட்டும். புகையிலையை விடுவதும், கைகளைக் கதகதப்பாக வைத்திருப்பதும், வேண்டியவர்களுக்கு வைத்தியர் யோசனைப்படி ரத்தக் குழாய்களை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரையும் இந்த வயதிலும் நிவாரணம் தரக்கூடியவை.