குரங்கணி மலையேற்ற வழிகள்

குரங்கணி மலையேற்ற வழிகள் என்பன தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு வடமேற்கே உள்ள குரங்கணி என்னும் அடிவார ஊரிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல் விளிம்புக்கு ஏறிச் செல்லும் நடைபாதைகள் ஆகும். டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை, சாம்பலாறு ஆகிய இடங்களுக்குச் செல்லும் வழிகள் இவற்றுள் முதன்மையானவை. 2018 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் இங்கு ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்திற்குச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கெனத் தனி விதிகள் வகுக்கப்படுவதற்கு இந்நிகழ்வே காரணமாக அமைந்தது.

அமைவிடமும் இயற்கை அமைப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலை இப்பகுதியில் இரு வேறு முகங்களைக் கொண்டுள்ளது. மேற்குப் புறத்தில் கேரளத்தின் மூணாறு பீடபூமி அமைந்துள்ளது. கிழக்குப் புறத்தில் மலை செங்குத்தாகத் தமிழ்நாட்டுச் சமவெளியை நோக்கி இறங்குகின்றது. குரங்கணி வழிகள் யாவும் இந்தக் கிழக்குச் சரிவில் அமைந்துள்ளன. ஆனைமுடிக்கு (2,695 மீட்டர்) அடுத்தபடியாக மேற்குத் தொடர்ச்சி மலையில் உயரமானதாகக் கருதப்படும் மீசைப்புலிமலை (2,640 மீட்டர்) இப்பகுதிக்கு அண்மையில் உள்ளது. வைகையின் துணையாறான கொட்டகுடி ஆறு இச்சரிவிலிருந்து வழிந்தோடும் ஓடைகளால் உருவாகின்றது.

தென்மேற்குப் பருவக்காற்று தரும் மழையின் பெரும்பகுதி மூணாறு பக்கத்திலேயே பெய்து விடுகிறது. கிழக்குச் சரிவு மழைமறைவுப் பகுதியாகும். இச்சரிவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. அம்மழையில் ஆளுயரத்திற்கு வளரும் புல், சனவரி மாதத்திற்குப் பின் காய்ந்து விடுகிறது. ஓடைப் பள்ளத்தாக்குகளில் பசுமையான காடுகளும், திறந்த சரிவுகளில் புல்வெளிகளும் காணப்படுகின்றன. மலையேற்ற வழிகளின் தன்மையையும் ஆபத்தையும் புரிந்து கொள்ள இந்த வேறுபாடு முக்கியமானது.

வரலாறு

இப்பாதைகள் பொழுதுபோக்கிற்காக உருவானவை அல்ல. மூணாறு மலைகளில் விளைந்த தேயிலையைச் சமவெளிக்கு இறக்குவதற்கான வழியாகவே குரங்கணி முதலில் முக்கியத்துவம் பெற்றது. 1902 இல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை (மோனோரயில்) ஒன்று அமைக்கப்பட்டது. அதில் பெட்டிகளை மாடுகள் இழுத்தன. 1908 இல் அதற்குப் பதிலாக, நீராவி இயந்திரங்களுடன் கூடிய குறுகிய தொடருந்துப் பாதை அமைக்கப்பட்டது. இது குண்டலப் பள்ளத்தாக்குத் தொடருந்துப் பாதை எனப்பட்டது.

தொடருந்துப் பாதை முடிவடைந்த மலை விளிம்பே டாப் ஸ்டேஷன், அதாவது 'மேல் நிலையம்' ஆகும். அங்கிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. நீளமான கம்பிவடப் பாதை (ரோப்வே) வழியாகத் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடியில் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு, அதாவது 'கீழ் நிலையத்திற்கு' இறக்கப்பட்டன. பின்னர் அவை வண்டிகளில் போடிநாயக்கனூருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1924 ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் தொடருந்துப் பாதை அழிந்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. எனினும் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் ஊர்ப் பெயர்கள் இன்றும் வழங்கி வருகின்றன. இரயிலையே காணாத மலையேற்றப் பாதையில் 'ஸ்டேஷன்' என்னும் பெயர் வழங்குவதற்கு இதுவே காரணம்.

இம்மலைகளில் முதுவர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தம் முன்னோர் மதுரையிலிருந்து முதுகில் சுமையுடன் மலையேறி வந்தனர் என்பது அவர்களது மரபுவழிச் செய்தியாகும்.

முதன்மையான வழிகள்

குரங்கணி - டாப் ஸ்டேஷன்: சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக மேலேறும் பாதை இது. காடு, காப்பித் தோட்டம், புல்வெளி ஆகியவற்றை மாறி மாறிக் கடந்து செல்கிறது. டாப் ஸ்டேஷனை மூணாறிலிருந்து பேருந்துச் சாலை வழியாகவும் அடையலாம்.

குரங்கணி - கொழுக்குமலை: இது மிகவும் செங்குத்தானது, திறந்த புல்சரிவுகளைக் கொண்டது. கொழுக்குமலை உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றாக அறியப்படுகிறது. இவ்விடம் தமிழ்நாட்டில் இருந்தாலும், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வாகனச் சாலை இல்லை. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப் மூலமாகவே செல்ல இயலும். ஆகவே தோட்டத்திலிருந்து நேரே கீழிறங்க விரும்புவோருக்கு நடைபாதை ஒன்றே வழியாகும்.

குரங்கணி - சாம்பலாறு: இது ஓடையை ஒட்டிய காட்டு வழியாகும். தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டத்தில் தேனி மாவட்டத்திற்கான வழிகளுள் இதுவும் ஒன்று.

2018 காட்டுத்தீ

2018 மார்ச் 10 ஆம் நாள் சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினர். மொத்தம் ஏறத்தாழ 40 பேர் கொண்ட இக்குழுக்களில் பெண்களே மிகுதியாக இருந்தனர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர்கள் கீழிறங்கிக் கொண்டிருந்தபோது, சரிவில் பரவிய தீ அவர்களைச் சூழ்ந்து கொண்டது. சிலர் ஓடித் தப்பினர். சிலர் பள்ளங்களில் சிக்கினர்.

உள்ளூர் மக்களே முதலில் உதவிக்குச் சென்றனர். வாகனம் செல்ல வழியில்லாததால் காயமடைந்தவர்கள் தோளில் சுமந்து இறக்கப்பட்டனர். சூலூர் விமானப்படைத் தளத்தின் உலங்குவானூர்திகளும் மீட்புப் பணியில் ஈடுபடுத்தப்பட்டன. ஒன்பது பேர் மலையிலேயே இறந்தனர். ஏனையோர் மருத்துவமனைகளில் அடுத்தடுத்து உயிரிழந்ததால் இறந்தோர் எண்ணிக்கை 23 ஆக உயர்ந்தது. அக்குழுக்கள் உரிய அனுமதியின்றிச் சென்றதாக அரசு தெரிவித்தது. நிகழ்வு குறித்து விசாரிக்க அதுல்ய மிசுரா விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டார்.

சரிவில் தீ பரவும் முறை

சமதளத்தில் எரியும் தீயைவிட, சரிவில் மேல்நோக்கி எரியும் தீ மிக வேகமாகப் பரவுகின்றது. இதற்குப் பின்வருவன காரணங்களாகும்.

1. சரிவில் தீச்சுவாலை மேலேயுள்ள புல்லுக்கு அருகில் இருக்கும். எனவே தீ வந்து சேரும் முன்னரே அப்புல் சூடாகி, எஞ்சியுள்ள ஈரத்தையும் இழந்து விடுகிறது.
2. சூடான காற்று மேல்நோக்கி எழும்போது தீயையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது.
3. பகலில் வெயிலால் சூடேறும் மலைச்சரிவுகளில் காற்று இயல்பாகவே கீழிருந்து மேலாக வீசும்.
4. குறுகிய பள்ளங்கள் புகைபோக்கி போலச் செயல்பட்டு வெப்பத்தை ஒருமுகப்படுத்துகின்றன.

சரிவின் கோணம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ பற்றிய ஒரு தோராய விதியாகும். மனிதரின் நிலை இதற்கு நேர்மாறானது. சரிவு கூடக் கூட அவர்களது வேகம் குறைகின்றது. ஆகவே தீக்கு மேலே இருப்பவர் மேல்நோக்கி ஓடித் தப்புவது அரிது.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு, 1949 ஆகத்து 5 அன்று ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த தீயாகும். செங்குத்தான புல்சரிவில் ஓடிய 16 தீயணைப்பாளர்களில் 13 பேர் இறந்தனர். அவர்கள் உடல்வலிமையும் பயிற்சியும் பெற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ச் மேலே ஓடுவதை நிறுத்தி, தமக்கு முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீயிட்டார். அது எரிந்து முடிந்த சாம்பலில் படுத்து உயிர் தப்பினார். எரிந்து முடிந்த நிலத்தில் மீண்டும் எரிய ஒன்றுமில்லை என்பதே இதன் அடிப்படை.

விதிமுறைகள்

2018 நிகழ்வையடுத்து, தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. இவ்விதிகளின்படி வழிகள் எளியவை, மிதமானவை, கடினமானவை என வகைப்படுத்தப்படுகின்றன. வனத்துறையின் முன் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாகும். காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றம் அனுமதிக்கப்படுவதில்லை.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் 14 மாவட்டங்களில் 40 வழிகள் அறிவிக்கப்பட்டன. இணையவழியில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்லும் முறை இத்திட்டத்தில் உள்ளது. 2025 இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் கருதி இவ்வழிகள் மூடப்பட்டன.

மலையேறுவோர் கவனத்திற்கு

- ஒரே பாதை திசம்பரில் பசுமையாகவும் மார்ச்சில் உலர்ந்த எரிபொருளாகவும் இருக்கும். பாதையின் கடினத்தைப் போலவே பருவத்தையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.
- மலையில் எங்கேனும் புகை தென்பட்டால், அது தொலைவில் இருப்பினும் பயணத்தைக் கைவிட்டுத் திரும்புதல் வேண்டும்.
- தீ நெருங்கினால் மேல்நோக்கி ஓடுவதையும் பள்ளங்களில் இறங்குவதையும் தவிர்த்தல் வேண்டும். பாறைத் திட்டு, ஓடைநீர், ஏற்கனவே எரிந்து முடிந்த இடம், புல்லற்ற வெற்றுநிலம் ஆகியன ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை.
- நைலான் போன்ற செயற்கை இழை ஆடைகள் வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக் கொள்ளும். பருத்தி, கம்பளி ஆடைகளில் இத்தீங்கு இல்லை.
- காட்டுக்குள் தீ மூட்டுவதும் புகைப்பதும் சட்டப்படி குற்றமாகும்.