யோகம் என்னும் சொல்லும் பொருளும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு ஒரு விந்தையான அனுபவம் உண்டு. ஊரில் கேட்டுப் பழகிய சொல்லையே இங்கும் கேட்கிறோம். ஆனால் பொருள் வேறாக இருக்கிறது. 'யோகம்' அத்தகைய சொற்களுள் ஒன்று. எதிர்பாராமல் ஒருவனுக்குப் பணம் வந்துவிட்டால், 'அவனுக்கு யோகம் அடித்தது' என்பார்கள் நம் பாட்டிமார். சோதிடர் ஜாதகக் கட்டத்தைப் பார்த்துக் கஜகேசரி யோகம் இருக்கிறது என்பார். தில்லிக்கு வந்தபின், அரசாங்கக் கணக்குப் பட்டியல்களின் அடிவரியில் ஹிந்தியில் 'யோக்' என்று எழுதியிருப்பதைக் கண்டேன். அங்கே அதற்குக் கூட்டுத்தொகை என்பதே பொருள். மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தது என்பர் மொழியறிஞர். அதிர்ஷ்டம், கிரகச் சேர்க்கை, கூட்டுத்தொகை, நுகம் இவற்றுக்கிடையே பதஞ்சலி முனிவர் கூறிய யோகம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பயனுள்ள காரியம்.

வடமொழி இலக்கணத்தார் 'யுஜ்' என்னும் வினையடிக்கு இருவேறு பொருள் காட்டியுள்ளனர். ஒன்று இணைத்தல், மற்றொன்று மனத்தை ஒருமுகப்படுத்தி நிறுத்துதல். யோகம் என்றால் ஜீவாத்மா பரமாத்மாவோடு ஒன்றுதல் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். வேதாந்த நூல்களுக்கும் சைவ நூல்களுக்கும் அது பொருந்தும். ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு உரை கண்ட பழைய ஆசிரியர்கள் இரண்டாவது பொருளையே கொண்டனர். அந்நூலின் குறிக்கோள் இணைப்பன்று, பிரித்தறிதல். காண்பவனாகிய புருஷன் வேறு, காணப்படும் பிரகிருதி வேறு என்று தெளிவதே அதன் முடிவு. பதினோராம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட போஜராஜன் தன் உரையில், இங்கே யோகம் என்பது உண்மையில் வியோகமே, அதாவது பிரிவே என்னும் கருத்தைக் கூறிச் செல்கிறான். நயமான சொல்விளையாட்டுத்தான், ஆயினும் நூலின் உயிர்நிலையைத் தொட்டுவிடுகிறது.

யோகத்தின் வரலாற்றைத் தொடங்குவோர் பெரும்பாலும் மொகஞ்சதாரோவில் தொடங்குவர். அங்கே கிடைத்த சிறு முத்திரை ஒன்றில், விலங்குகள் சூழ, கொம்புள்ள தலையணியோடு, கால்களை மடித்துக் குதிகால்கள் சேர ஓர் உருவம் அமர்ந்திருக்கிறது. தலைநகரில் வாழும் அன்பர்கள் ஜனபத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றால் அதைக் காணலாம். தபால் தலையைவிடச் சற்றே பெரிதான அதனுள் இத்தனை வாதங்கள் அடங்கியிருப்பது வியப்பூட்டும். சர் ஜான் மார்ஷல் அதைப் பசுபதியாகிய சிவனின் முன்னோடி வடிவம் எனக் கருதினார். பின்வந்தோர் பலர் ஐயுற்றனர். சிந்துவெளி எழுத்து இன்னும் வாசிக்கப்படாத நிலையில், ஓர் உருவம் அமர்ந்திருக்கும் முறையை மட்டும் கொண்டு ஐயாயிரம் ஆண்டுப் பழமையை நாட்டிவிட முடியாது என்பதே என் எண்ணம்.

உறுதியான நிலம் உபநிடதங்களில்தான் கிடைக்கிறது. கடோபநிடதம் உடலைத் தேராகவும், பொறிகளைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகம் செய்து, பொறிகளை அசையாது நிறுத்துவதை யோகம் என்று பெயரிட்டழைக்கிறது. பௌத்தரும் சமணரும் தத்தம் வழியில் தியான முறைகளை வளர்த்தனர். இவையெல்லாம் கலந்து ஓடிய வெள்ளத்தைக் கரைகட்டி ஒழுங்குசெய்த நூல் யோக சூத்திரம். அதில் சூத்திரங்கள் 195. சில பதிப்புகளில் 196. சமாதி, சாதனம், விபூதி, கைவல்யம் என நான்கு பாதங்கள். மகாபாஷ்யம் இயற்றிய இலக்கண ஆசிரியரும் இப்பதஞ்சலியும் ஒருவரே என்று மரபு கூறும். தில்லையில் வியாக்கிரபாதரோடு நின்று கூத்தப்பெருமானின் நடனத்தைக் கண்டவரும் அவரே என்று சிதம்பரத்துப் புராணம் கூறும். இக்கால ஆராய்ச்சியாளர் பலர் யோக நூலின் காலத்தைக் கி.பி. 400-ஐ ஒட்டி வைக்கின்றனர்.

என் தொழிலைச் சேர்ந்தவர்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில், கஜினி மாமூதின் காலத்தில் வாழ்ந்த அல்பிரூனி என்னும் பேரறிஞர், பதஞ்சலியின் நூலை அரபு மொழியில் பெயர்த்தார். சூத்திரத்தின் இறுக்கம் தம் வாசகருக்கு விளங்காது என்றுணர்ந்து, உரையையும் மூலத்தையும் கலந்து, வினா விடையாக அமைத்துக்கொண்டார். இஸ்தான்புல் நகரில் கிடைத்த அதன் கையெழுத்துப் பிரதி 1956-இல் அச்சேறியது. படையெடுப்பின் புழுதி அடங்காத காலத்தில், எதிர்ப்பக்கத்து அறிவைப் பொறுமையோடு கற்று, பிழையின்றிச் சொல்ல முயன்ற ஒருவர் இருந்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

தமிழில் இத்துறைக்குத் தனிக் கருவூலம் திருமந்திரம். பத்தாம் திருமுறையாகிய அந்நூலின் மூன்றாம் தந்திரம், இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளையும் விரித்துரைக்கிறது. வட சொற்களைத் திருமூலர் தமிழ் ஓசைக்கு இசைவித்துக்கொண்ட அழகு, மொழிபெயர்ப்போர் பயில வேண்டிய பாடம். ஆனால் பதஞ்சலி கூறும் பிரித்தறிதலை அங்கே தேடக்கூடாது. அங்கே யோகம் சிவத்தோடு ஒன்றும் நெறி.

இனி, நம் காலத்தவர் யோகம் என்றதும் நினைக்கும் ஆசனங்களுக்கு வருவோம். 'ஆசனம்' என்றால் இருக்கை. பதஞ்சலி அதற்கு ஒதுக்கிய சூத்திரங்கள் மூன்றே. உறுதியாகவும் சுகமாகவும் அமர்தல் என்ற அளவோடு நிறுத்திவிட்டார். ஒரு நிலைக்கேனும் பெயர் சொல்லவில்லை. நாத சித்தர் மரபில் வளர்ந்த ஹட யோகமே உடலை முதன்மைப்படுத்தியது. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. அவற்றுள் பல அமர்ந்து செய்வன. பிற்காலத்துக் கேரண்ட சம்ஹிதை 32 ஆசனங்களைக் கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மைசூர் அரண்மனையில் உருவான ஸ்ரீதத்துவநிதி என்னும் சித்திர நூலில் 122 நிலைகள் வரையப்பட்டுள்ளன. எண்ணிக்கை காலந்தோறும் பெருகியே வந்திருக்கிறது.

அதே மைசூரில், 1933-இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை நடத்தத் தொடங்கினார் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1934-இல் அவர் கன்னடத்தில் எழுதிய யோக மகரந்தம், 1938-இல் தமிழிலும் வெளிவந்தது. அவருடைய மாணவர்களான பி. கே. எஸ். ஐயங்கார் புனாவிலிருந்தும், பட்டாபி ஜோயிஸ் மைசூரிலிருந்தும் உலகெங்கும் ஆசனப் பயிற்சியைப் பரப்பினர். கிருஷ்ணமாச்சாரியார் பின்னர்ச் சென்னைக்குக் குடிபெயர்ந்து, நூறு வயதைக் கடந்து, 1989-இல் அங்கேயே காலமானார். பம்பாயில் 1918-இல் ஸ்ரீ யோகேந்திரர் தொடங்கிய யோக நிலையமும், லோனாவ்லாவில் 1924-இல் சுவாமி குவலயானந்தர் நிறுவிய கைவல்யதாமமும் யோகத்தை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த முனைந்தன. சூரிய நமஸ்காரத்தைத் தேகப்பயிற்சியாக ஊர் ஊராகப் பரப்பியவர் மகாராஷ்டிரத்து அவுந்து சமஸ்தானத்தின் அரசர். பத்தமடையில் 1887-இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராக இருந்து, ரிஷிகேசத்தில் துறவியாக அமர்ந்த சுவாமி சிவானந்தரை வடக்கே உள்ள தமிழருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை.

இவற்றைச் சொல்வது ஆசனத்தின் மதிப்பைக் குறைப்பதற்கன்று. நின்று செய்யும் நிலைகளும் தொடர் அசைவுகளும் பல இருபதாம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்றவை என்று ஒப்புக்கொண்டால் அவற்றின் பயன் போய்விடாது. நாட்பட்ட இடுப்பு வலிக்கு யோகப் பயிற்சி ஓரளவு நிவாரணம் தருகிறது என்பதை மேல்நாட்டு மருத்துவ வழிகாட்டிகளும் ஏற்றுள்ளன. பழமை என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி எல்லா நோயும் தீரும் என்பதுதான் ஏற்கத்தகாதது.

இவ்விடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றைக் கூறுவது தவறாகாது. தலைநகருக்கு மாற்றலாகி வந்த புதிதில், நடைபாதைக் கடையில் தமிழில் பிராணாயாமச் சிறுநூல் ஒன்று கிடைத்தது. ஊர்மொழியில் ஒரு புத்தகம் கிடைத்த மகிழ்ச்சியில் ஆசிரியரைத் தேடாமலே பயிலத் தொடங்கினேன். மூச்சை உள்ளிழுத்து 'முழு வலிமையையும் செலுத்தி' அடக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அப்படியே செய்தேன். இரண்டு வாரத்துக்குள் தலைப்பாரமும், காதில் ஓர் இரைச்சலும், காரணமில்லாத எரிச்சலும் வந்து சேர்ந்தன. ஒருநாள் அலுவலக மாடிப்படியில் கண் இருண்டு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். மருத்துவர் முதலில் அதை நிறுத்தச் சொன்னார். பின்னர் ஹடயோகப் பிரதீபிகையின் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கே இருந்த சொல் 'யதாசக்தி'. யதாசக்தி தட்சிணை கொடுங்கள் என்று புரோகிதர் சொன்னால், இருப்பதையெல்லாம் கொடு என்று நாம் பொருள் கொள்வதில்லை. இயன்ற அளவு என்றே கொள்கிறோம். ஒரு சொல்லைப் பெயர்த்தவர் தவறினார். அதை நம்பியவன் படியில் விழப் பார்த்தான். அலுவலகத்தில் ஒரு விதியையோ சுற்றறிக்கையையோ பெயர்க்கும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டு எனக்கு நினைவு வருகிறது. மூச்சைக் காட்டு விலங்கைப் பழக்குவதுபோல் மெல்ல மெல்ல வசப்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே அத்தியாயத்தில் இருந்தது என்பது, மூலத்தைப் படித்தபின்தான் தெரிந்தது.

இதைவிட நுட்பமான தவறு, நம் பேச்சுத் தமிழே நமக்குச் செய்வது. மனத்தின் அலைவு அடங்குவதற்குப் பதஞ்சலி இரண்டு துணைகளைக் கூறுகிறார்: அப்பியாசம், வைராக்கியம். தமிழில் 'வைராக்கியமாகப் படித்தான்' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான் என்பது பொருள். 'அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று வைராக்கியமாக இருக்கிறாள்' என்றால் பகை மாறாதவள் என்பது பொருள். மூலச் சொல்லோ ராகம் நீங்கிய நிலை, அதாவது பற்றுத் தளர்ந்த நிலை. ஒன்று இறுகப் பிடித்தல். மற்றது பிடியை விடுதல். தமிழ்ப் பொருளைக் கொண்டு யோகம் பயில்வோர் தம்மோடு தாமே போரிட்டுக் களைத்துப் போகின்றனர்.

இக்காலத்து அலுவலக வாழ்வுக்கு மிகவும் பயன்படுவது எது என்று என்னைக் கேட்டால், முதற் பாதத்தில் மனத்தெளிவுக்கு வழியாகச் சொல்லப்பட்ட நான்கு மனப்பான்மைகளையே காட்டுவேன். சுகமாக இருப்போரிடம் மைத்திரி, துன்புறுவோரிடம் கருணை, நல்லது செய்வோரிடம் முதிதை, தீயது செய்வோரிடம் உபேட்சை. துன்புறுவோரிடம் இரங்குவது நமக்கு எளிது. உடன் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு வந்த நாளில் அவரிடம் நட்போடு பேசுவதே கடினம். ஊரில் நிலம் வாங்கிவிட்ட ஒன்றுவிட்ட சகோதரரைத் திருமணப் பந்தியில் சந்திக்கும்போதும் அப்படித்தான். பதஞ்சலி இன்பமுடையோரை முதலில் வைத்ததன் காரணம், பொறாமை மனத்தைக் கலக்குவதுபோல் வேறெதுவும் கலக்குவதில்லை என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. நான்காவதான உபேட்சையையும் தமிழ் கெடுத்து வைத்திருக்கிறது. நாம் அதை அலட்சியம் என்ற பொருளில் வழங்குகிறோம். தீயவரைக் கண்டும் காணாமல் போகச் சொல்லவில்லை. அவரைப் பற்றிய சிந்தனை இரவெல்லாம் நம்முள்ளே குடியிருக்க இடங்கொடாமையே கருத்து. புகார் எழுத வேண்டுமானால் எழுதலாம், எழுதியபின் உறங்கலாம்.

பிரத்தியாகாரம் என்பது பொறிகளை அவற்றின் விஷயங்களிலிருந்து மீட்டல். முன்னோர் இதற்குக் காட்டை நாடினர். இன்று கைபேசியை உறங்கும் அறைக்கு வெளியே வைப்பதிலிருந்து தொடங்கலாம். ஊரிலுள்ள பெற்றோரின் அழைப்பு இரவில் வருமோ என்ற அச்சம் வெளியூரில் வாழும் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த அழைப்பு மணியை மட்டும் ஒலிக்க வைத்து மற்றவற்றை அடக்கிவைக்கும் வசதி அக்கருவியிலேயே இருக்கிறது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசம்பர் 11-இல் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஜூன் 21 உலக யோக தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பூங்காக்களில் விரிக்கும் பாயைப் பலர் மறுநாள் சுருட்டி வைத்துவிடுகின்றனர். நெடுங்காலம், இடையறாது, மதிப்போடு செய்தால்தான் அப்பியாசம் வேரூன்றும் என்று சூத்திரம் நிபந்தனை விதிக்கிறது. தினம் கால்மணி போதும். ஆனால் தினமும் வேண்டும். தொடங்க விரும்புவோர் ஆசிரியரைத் தேர்வதில் ஒன்றைக் கவனிக்கலாம். வயது என்ன, இரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் நீரழுத்தம் உண்டா, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று முதலில் விசாரிப்பவரிடம் செல்லுங்கள். கண்ணில் நீரழுத்தம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் நிலைகள் தீங்கு செய்யும். அதைக் கேளாமலே சிரசாசனம் கற்றுக்கொடுக்க முன்வருபவரிடம், பயிற்சி இலவசமாயினும், விடைபெற்றுக்கொண்டு வந்துவிடலாம்.