உயிர்க்கலத்துள் ஒளி

மன்னார்க் கரையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாள்களைப் பற்றிக் கேள்வியுறாதார் நம்முள் இலர். சிலாபத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் கொட்டில்கள் எழும். சுழியோடிகள் கல்லின் பாரத்தாற் கடலடி சேர்வர். கரையிற் சிப்பிகள் மலைபோற் குவியும். ஆயின், அவ்வாரவாரத்தின் மறுபக்கத்தை நாம் நினைப்பதில்லை. சிப்பியுள் முத்து உண்டோ இல்லையோ என்றறிய, அதனை அழுகவிட்டுக் கழுவிப் பார்ப்பதே அன்றைய வழக்கம். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நன்முத்து ஒன்றுமின்றி வீணே மாண்டன.

திறவாமலே உள்ளே காண்டல் கூடாதா? பிரான்சு தேசத்து லியோன் நகர்ப் பேராசிரியர் இரபேல் துபுவா, எக்ஸ்-கதிர்களாற் சிப்பியை ஊடுருவிப் பார்க்கலாம் என 1901ஆம் ஆண்டளவில் எடுத்துக் கூறினார். பின்னர் இலங்கைச் சிப்பிகளிலும் அம்முறை பரீட்சிக்கப்பட்டது. முத்தில்லாச் சிப்பியை உயிருடன் பாரிலே திரும்ப விடலாம் என்பதே அதன் பயன்.

உயிர்க்கலத்தை ஆராய்வோரும் நெடுங்காலம் இவ்விடர்ப்பாட்டையே எதிர்நோக்கினர். கலமோ மிகச் சிறியது, நிறமற்றது, ஒளி புகவிடுவது. ஆகவே அதனைக் கொன்று, மெல்லிதாய்ச் சீவி, சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினர். இறந்த கலம் ஊரின் படத்தைக் காட்டும். ஊரார் நடமாட்டத்தைக் காட்டாது.

இதற்கு வழிகாட்டியது கடலே. இருண்ட இரவுகளில் தண்டு பட்ட நீர் மினுங்குவதை வலைஞர் அறிவர். உயிர்களின் அத்தகைய ஒளி இரசாயனத் தாக்கத்தாற் பிறப்பது என்பதை 1880களில் விளக்கியவரும் மேற்கூறிய துபுவாவே. 1962ஆம் ஆண்டில் ஒசாமு சிமோமுரா, நம்மவர் சொறி என்று வெறுத்தொதுக்கும் இழுதுமீனின் இனமொன்றிலிருந்து, நீலவொளி பட்டாற் பச்சையொளி வீசும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது பிற உயிர்க்கலங்களுக்கும் விளக்காயிற்று. அதற்காக 2008ஆம் ஆண்டு நோபெற் பரிசு அவர்க்கும் வேறிருவர்க்கும் கிடைத்தது. எனினும், தொடர்ந்து ஒளி படின் அப்புரதம் மங்கிவிடும்.

அக்குறையைப் பெரிதும் நீக்கியவை குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நனோத் துணிக்கைகள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கின் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். கட்மியம் செலனைட்டுத் துணிக்கை ஏறத்தாழ 2 நனோமீற்றராயின் நீலம் சார்ந்தும், 6 நனோமீற்றராயிற் சிவந்தும் ஒளிரும். பொருள் ஒன்றே, அளவு மாற நிறமும் மாறும். இதன் காரணம் யாது? புறவொளியை உறிஞ்சிய துணிக்கையுள் இலத்திரன் உயர்நிலைக்கு ஏறி, மீண்டு இறங்குகையில் ஒளியை உமிழ்கின்றது. இலத்திரன் உலவும் இடம் குறுகக் குறுக அப்படியின் உயரம் மிகும். யாழின் நரம்பு குறுகின் சுருதி உயர்வதுபோல என்க. இத்துணிக்கைகளைக் கண்டும் ஆக்கியும் தந்த எக்கிமோவ், புரூசு, பாவெண்டி ஆகிய மூவரும் 2023ஆம் ஆண்டு நோபெற் பரிசைப் பெற்றனர்.

1998ஆம் ஆண்டு முதல் இவை உயிரியல் ஆராய்ச்சியிற் பயன்பட்டு வருகின்றன. கலத்தின் குறித்த ஓர் உறுப்பை மட்டும் பற்றும் புரதத்தைத் துணிக்கையின்மேற் பொருத்திவிட்டால், அது தன் இலக்கைத் தேடிப் பற்றி நின்று ஒளிரும். ஒற்றைத் துணிக்கையின் பயணத்தையும் நிமிடக் கணக்கில் தொடர்ந்து நோக்கலாம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கட்மியம் நஞ்சு; துணிக்கை சிதைந்து அது கசியின், எதனைக் காண விழைந்தோமோ அதுவே மடியும். ஆகலின் அதன்மேல் நாக சல்பைட்டு உறையிடுவர். 2004ஆம் ஆண்டில் அறியப்பட்ட காபன் புள்ளிகளில் கட்மியம் இல்லை. ஆதலின் அவற்றையும் பலர் ஆராய்கின்றனர். அன்றியும், துணிக்கையின் பருமனே கலத்துள் இயங்கும் மூலக்கூற்றுக்குச் சுமையாகலாம். எனவே விளக்கேற்றிய கலத்தை ஏற்றாத கலத்துடன் ஒப்பிட்டு, இரண்டும் ஒருபடித்தாய் வாழ்கின்றனவா எனச் சோதித்த பின்னரே கண்டதை நம்புதல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமரும் மாணவர் இதனை மனத்திருத்துவாராக. காண்பதற்கு நாம் கையாளும் முறை காணப்படும் பொருளைக் கெடுத்தலாகாது. மன்னார்க் கரையில் மாண்ட கோடிக்கணக்கான சிப்பிகள் நமக்குப் புகட்டும் பாடமும் அதுவே.