பனிக்குப் பிறந்த பூனைக்கு எது வீடு?

மெயின் கூன் பூனையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். விரலிடுக்குகளில் கற்றை கற்றையாக முடி பிதுங்கி நிற்கும். பனியில் கால் புதையாமல் நடப்பதற்கு இயற்கை தைத்துக் கொடுத்த செருப்பு அது. காதுக்குள்ளும் அடர்ந்த முடி உண்டு. மேல்முடியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரம் எளிதில் உள்ளே இறங்காது. சுருண்டு படுத்தால் புசுபுசுவென்ற வாலே முகத்துக்குப் போர்வை.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டியிருக்கும் மெயின் மாநிலம் இதன் தாயகம். ரக்கூன் என்ற காட்டு விலங்கோடு கலந்து பிறந்தது என்று அங்கே பழைய கதை ஒன்று உண்டு; பெயரில் உள்ள 'கூன்' அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பூனையும் ரக்கூனும் வெவ்வேறு குடும்பங்கள் என்பதால் அப்படிக் குட்டி பிறக்க வழியே இல்லை. பண்ணைகளில் எலி பிடித்துத் திரிந்த பூனைகளில் கடுங்குளிரைத் தாங்கியவை பிழைத்தன, பெருகின. 1895-ல் நியூயார்க்கில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் கோஸி என்ற மெயின் பூனைதான் முதல் பரிசை வென்றது.

முழு வளர்ச்சிக்கு இதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆண் பூனை சாதாரணமாக 6 முதல் 8 கிலோ வரை இருக்கும். இத்தாலியைச் சேர்ந்த பாரிவெல் என்ற மெயின் கூன் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 120 சென்டிமீட்டர் இருந்ததாக 2018-ல் கின்னஸ் பதிவு செய்தது.

இந்தப் பனிநாட்டுப் பூனையை இன்று சென்னை அடுக்குமாடி வீடுகளிலும் வளர்க்கிறார்கள். வளர்ப்பவர்களின் மனத்தை உறுத்தும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு பெரிய பிராணியை நாலு சுவருக்குள் அடைப்பது பாவமில்லையா? இந்த உடம்புக்கு வெளியே போனால் சமாளித்துக்கொள்ளாதா?

முதலில் உடம்பைப் பற்றிப் பேசுவோம். எட்டு கிலோ எடை காரிடமிருந்து காப்பாற்றாது. நாலைந்து தெருநாய்கள் சேர்ந்து வந்தாலும் காப்பாற்றாது. பூனைச் சண்டையில் விழும் ஒரு கடியே நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸை உடலுக்குள் ஏற்றிவிடும். பனிக்காகத் தைத்த அந்தக் கம்பளியைச் சித்திரை வெயிலில் கழற்றி வைக்க முடியாது. பூனைக்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்கால் மெத்தைகளில் மட்டுமே. உயரத்திலிருந்து விழும்போதும் பெரிய உடல் பாதகம்தான். உடல் பெருக்கும்போது எடை கூடும் அளவுக்குக் காற்றைத் தடுக்கும் பரப்பு கூடுவதில்லை. அதனால் கனத்த பூனை வேகமாக விழும், பலமாக அடிபடும்.

அப்படியானால் அது ஏன் கதவருகே நின்று கத்துகிறது? 1976-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வெளிச்சம் தருகிறது. பசியோடு இருந்த பூனைகளுக்குப் பிடித்த உணவை வைத்து, அவை தின்றுகொண்டிருக்கும்போதே உயிருள்ள எலியை உள்ளே விட்டார்கள். பூனைகள் தட்டை விட்டுவிட்டுப் பாய்ந்து எலியைக் கொன்றன. பிறகு திரும்பி வந்து பழைய தட்டிலேயே தின்றன. பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்தாலும் வேட்டையாடும் ஆசை அடங்காது.

அதற்கு வெளியுலகம் கொடுக்கும் விலை பெரிது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமராக்களைக் கட்டிப் பார்த்தார்கள். 44 சதவீதப் பூனைகள் வேட்டையாடின. பிடித்தவற்றில் கால் பங்குக்கும் குறைவானதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தன. மீதி வளர்ப்பவர் கண்ணில் படவே இல்லை. அமெரிக்காவில் பூனைகளால் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் சாகின்றன என்று 2013-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு வீடற்ற பூனைகளுடையது என்றாலும், வீட்டுப் பூனைகளின் கணக்கும் சிறியதல்ல.

இனிதான் மகிழ்ச்சியான செய்தி. 2021-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெளியே திரியும் பூனைகளோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் வேட்டை விளையாட்டு ஆடச் செய்தார்கள். அவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 25 சதவீதம் குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தபோது 36 சதவீதம் குறைந்தது. அதாவது, பூனை வெளியே தேடுவதில் ஒரு பங்கை நம் கூடத்திலேயே கொடுத்துவிட முடியும்.

பூனைக்கு 'வெளி' என்பது என்னென்ன? ஏறிப் பார்க்க உயரம், பதுங்க ஒரு மறைவு, கண்காணிக்க அசைவு, பாய்ந்து பிடிக்க ஓர் இரை. சுவரில் அகலமான பலகைகளை இறுக அறைந்து படிப்படியாக ஏற விடுங்கள். கடைகளில் கிடைக்கும் ஏறுமரங்கள் பல எட்டு கிலோ பாய்ச்சலுக்கு ஆடிப்போகும். மணல் தொட்டி, பூனை உள்ளே நின்று தாராளமாகத் திரும்பும் அளவுக்கு இருக்கட்டும். காலையிலும் அந்தியிலும் கயிற்றில் இறகைக் கட்டி ஓட விடுங்கள். கடைசியில் அதைப் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். வேட்டை நிறைவேறிய திருப்தி அதற்கு வேண்டும். பால்கனிக்குக் கொசுவலை போதாது, உறுதியான கம்பிவலை வேண்டும். காக்கையும் புறாவும் வந்து உட்காரும் அந்த இடம்தான் அதன் காடு.

இவை எதுவும் செய்யாமல் வெறுமனே அடைத்து வைப்பதும் கொடுமையே. சும்மா கிடக்கும் பூனை கொழுக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அந்த மூட்டில்தான் இறங்கும்.

எனவே என் தீர்ப்பு: மெயின் கூன் வீட்டுக்குள்தான் வாழ வேண்டும், அந்த வீடு அதன் கண்ணுக்கும் காலுக்கும் வேலை தர வேண்டும். வாங்க நினைப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பூனை வருவதற்கு முன்னால் கம்பிவலை வரட்டும்.