சுரிமோனோ

சுரிமோனோ என்பது, விற்பனைக்காக அன்றித் தனியாரின் வேண்டுகோளின் பேரில் ஜப்பானில் அச்சிடப்பட்ட, ஓவியமும் கவிதையும் ஒரே தாளில் இணைந்த மரக்கட்டை அச்சுப் படைப்புகளைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இவ்வகை, ஏறத்தாழ 1790களில் இருந்து 1830கள் வரையான காலப்பகுதியில் உச்ச நிலையை எட்டியது. இவற்றுட் பெரும்பாலானவை, எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) இருந்த கவிதைக் குழுக்களின் உறுப்பினர்கள் புத்தாண்டில் தமக்குள் பரிமாறிக் கொள்வதற்காக உருவாக்கப்பட்டவை. "அச்சிடப்பட்ட பொருள்" என்பதே சுரிமோனோ என்னும் சொல்லின் நேர்ப்பொருள் ஆகும். இவ்வளவு எளிய பெயரைத் தாங்கியிருந்தாலும், ஜப்பானிய மரக்கட்டை அச்சுக்கலையில் மிகுந்த செலவும் நுட்பமும் கொண்ட படைப்புகள் இவையே எனலாம்.

தோற்றம்

சுரிமோனோவுக்கு முன்னோடியாக அமைந்தவை எகோயோமி எனப்படும் ஓவிய நாட்காட்டிகள் ஆகும். அக்காலத்து ஜப்பானிய நாட்காட்டி சந்திரனின் ஓட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டிருந்தது. மாதங்களுள் சில 30 நாட்களைக் கொண்ட "பெரிய" மாதங்களாகவும், ஏனையவை 29 நாட்களைக் கொண்ட "சிறிய" மாதங்களாகவும் இருந்தன. எந்த மாதம் பெரியது, எது சிறியது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியது. கடன் தீர்க்கவும் கணக்கு முடிக்கவும் இதனை அறிந்திருப்பது அனைவருக்கும் தேவையாக இருந்தது. ஆனால், நாட்காட்டி வெளியிடும் உரிமை அரசின் அனுமதி பெற்ற சிலரிடம் மட்டுமே இருந்தது. எனவே ஓய்வு நேரமும் பணமும் உள்ள ஆர்வலர்கள், மாத எண்களை ஓவியத்துக்குள் மறைத்து வைத்து அச்சிட்டு, நண்பர்களுக்கு அளித்து, கண்டுபிடிக்கச் சொல்லி மகிழ்ந்தனர்.

1765ஆம் ஆண்டில் இவ்வழக்கம் எடோவில் பெரும் மோகமாக வளர்ந்தது. அவ்வாண்டில் சுசுகி ஹருனோபு வரைந்த ஒரு படத்தில், திடீர் மழையில் ஓர் இளம்பெண் காயப்போட்ட உடையை எடுக்க ஓடுகின்றாள். கொடியில் தொங்கும் அவ்வுடையின் கோலங்களில்தான் அவ்வாண்டின் பெரிய மாதங்களின் எண்கள் ஒளிந்திருக்கின்றன. பணத்தைப் பொருட்படுத்தாத இத்தகைய புரவலர்களின் போட்டியே, பல கட்டைகளைக் கொண்டு முழு வண்ணத்தில் அச்சிடும் நுட்பம் விரைந்து வளரக் காரணமானது. பின்னர் கடைகளில் விற்கப்பட்ட வண்ண உக்கியோ-எ ஓவியங்கள் இந்த நுட்பத்தைப் பின்பற்றியவையே. எகோயோமிகள் சிலவற்றின் கட்டைகளில் இருந்து நாட்காட்டிக் குறிகளை நீக்கிவிட்டு, அவற்றையே மீண்டும் அச்சிட்டு விற்றதும் உண்டு.

கவிதைக் குழுக்கள்

சுரிமோனோக்களில் ஹைக்காய் வகைக் கவிதைகளும் இடம்பெற்றன. எனினும், உச்ச காலத்தில் அவற்றை ஆண்டது கியோக்கா என்னும் நகைச்சுவைக் கவிதையே. "பித்துப் பாட்டு" என்று இதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இது 5, 7, 5, 7, 7 என 31 அசைகளால் ஆனது. (இங்கு அசை என்பது தமிழ் யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசை அன்று, ஜப்பானிய மொழியின் ஒலியலகு ஆகும்.) அரசவைக் கவிதையான வாக்காவின் வடிவமும் இதுவே. பழைய வடிவத்தின் மிடுக்கான சாயலில் அன்றாட நகர வாழ்க்கையைப் பாடுவதிலேயே கியோக்காவின் நகை பிறந்தது.

பிறப்பின்படி மக்களைத் தரம் பிரித்து வைத்திருந்த அக்காலச் சமூகத்தில் இக்குழுக்கள் ஒரு வியப்பான விதிவிலக்கு ஆகும். குழுவின் தலைவர்களுள் புகழ் பெற்ற ஓட்டா நம்போ (1749–1823) கீழ்நிலைச் சாமுராய், அரசு அலுவலர். ஷிக்காட்சுபே மகாவோ இனிப்புப் பயற்றங்கஞ்சிக் கடை நடத்தியவர். இஷிக்காவா மசமோச்சி விடுதிக்காரர். "விடுதியில் சோறு பரிமாறுபவர்" என்று பொருள்படும் புனைபெயரையே அவர் தமக்குச் சூட்டிக்கொண்டார். மோட்டோ நோ மொக்குவாமி குளியற்கூடம் ஒன்றின் உரிமையாளர். அவருடைய மனைவியான சியே நோ நைஷியும் மதிக்கப்பட்ட கியோக்காக் கவிஞர். கபுக்கி நடிகரான ஐந்தாம் இச்சிக்காவா தஞ்சூரோவும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவரே. குழுவுக்குள் ஒருவர் தம் வேடிக்கைப் புனைபெயரால் மட்டுமே அறியப்பட்டார். சுரிமோனோ ஒன்றில் வாள் தரிக்கும் உரிமை பெற்றவரின் கவிதைக்குப் பக்கத்தில் கடைக்காரரின் கவிதை அச்சாவதற்கு இதனால் தடை இருக்கவில்லை.

உறுப்பினர் பலர் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்வதும், வசதி படைத்த ஒருவரே முழுச் செலவை ஏற்பதும் உண்டு. புத்தாண்டு தவிர, நடிகர் ஒருவர் புதிய பெயர் ஏற்பது, இசை நிகழ்ச்சி, மறைந்தோர் நினைவு முதலியவற்றை அறிவிக்கவும் சுரிமோனோக்கள் வெளியிடப்பட்டன.

விற்பனைக்கு அல்லாமையின் பயன்

1790 முதல், விற்பனைக்கான அச்சு ஓவியங்கள் தணிக்கை முத்திரை பெற வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆடம்பர அச்சுகளும் அடிக்கடி கட்டுப்படுத்தப்பட்டன. சுரிமோனோ கடைக்கு வராத அன்பளிப்பு என்பதால் பொதுவாக இவ்விதிகளுக்கு வெளியே நின்றது. எனவேதான் இவற்றில் தணிக்கை முத்திரையைக் காண்பது அரிது. இலாபக் கணக்கும் இல்லாமையால், ஓவியர், கட்டை செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகிய மூவரும் தம் திறமை முழுவதையும் காட்ட முடிந்தது.

கோசோ மரப்பட்டை நாரிலிருந்து செய்யப்பட்ட, ஹோஷோ எனப்படும் தடித்த மென்மையான தாளே பயன்படுத்தப்பட்டது. பித்தளை, செம்பு, வெள்ளீயம் முதலியவற்றின் பொடிகள் பொன்னாகவும் வெள்ளியாகவும் மின்னின. மை தடவாத கட்டையைத் தாளில் அழுத்திப் புடைப்புக் கோலங்களை உண்டாக்கும் முறைக்குக் கராசுரி என்று பெயர். பனி, கொக்கின் இறகு, பட்டுத்துணியின் நெசவு போன்றவை இம்முறையால் காட்டப்பட்டன. இவற்றைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் உணரலாம். சுவரில் மாட்டிய சட்டகத்துக்குள் நேர் வெளிச்சத்தில் பார்த்தால் புடைப்புகள் ஏறத்தாழ மறைந்துவிடும். கையில் ஏந்தி, சற்றே சாய்த்துப் பார்ப்பதற்கென்றே உருவானவை இவை.

வடிவத்தில் இரண்டு வகைகள் முதன்மையானவை. முற்பட்ட வகையில் ஒரு முழு ஹோஷோத் தாள் நீளவாக்கில் இரண்டாக மடிக்கப்பட்டது. ஒரு பாதியில் ஓவியமும், மறு பாதியில் கவிதைகளோ நிகழ்ச்சி அறிவிப்போ அமைந்தன. மடித்த தாளைத் திருப்பிப் படிக்க வேண்டியிருந்ததால், விரித்துப் பார்க்கும்போது எழுத்துகள் தலைகீழாகத் தோன்றும். பிற்பட்ட வகை ஷிக்கிஷிபான் எனப்படும், ஏறத்தாழ 20 செ.மீ × 18 செ.மீ அளவுள்ள சிறிய தாள் ஆகும். இதில் ஓவியத்தின் வெற்றிடத்திலேயே கவிதைகள் எழுதப்பட்டன.

ஓவியமும் கவிதையும்

சுரிமோனோவில் ஓவியம் கவிதைக்கு விளக்கப்படம் அன்று. கவிதை சொல்லாததை ஓவியம் காட்டும். ஓவியத்தில் இல்லாததைக் கவிதை குறிப்பால் உணர்த்தும். தமிழ்ப் புலவர்கள் கையாண்ட சிலேடைக்கு நிகரான ககேக்கொத்தோபா என்னும் உத்தி இதற்குப் பெரிதும் உதவியது. எடுத்துக்காட்டாக, "மட்சு" என்னும் ஒலி பைன் மரத்தையும் காத்திருத்தலையும் குறிக்கும். "ஹரு" என்பது இளவேனிலையும், வில்லை வளைத்து நாணிழுத்தலையும் குறிக்கும். புத்தாண்டுக்கு வாயிலில் வைக்கும் பைன் கிளைக்கு அருகே ஒரு பெண் நின்றால், அவள் யாருக்கோ காத்திருக்கின்றாள் என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ள முடியும்.

கட்சுஷிக்கா ஹொக்குசாய் வரைந்த இரு தொடர்கள் இதற்குச் சிறந்த சான்றுகள். 1821இல் வெளிவந்த 36 தாள்கள் கொண்ட தொடரின் ஒவ்வொரு தாளும் ஒரு சிப்பியின் பெயரைத் தாங்கியுள்ளது. இப்பெயர்கள் கென்ரோக்கு காலத்தைச் (1688–1704) சேர்ந்த சிப்பிக் கவிதைகளை நினைவூட்டுபவை. 1822 குதிரை ஆண்டு. அவ்வாண்டுக்கான தொடரில் குதிரையோடு தொடர்புடைய தலைப்புகள் இருந்தும், பல தாள்களில் குதிரையே இல்லை. பொருள்களின் பெயருக்குள் அது ஒளிந்திருக்கின்றது.

ஹொக்குசாயைத் தவிர, ஓவியராகவும் கவிஞராகவும் விளங்கிய குபோ ஷுன்மன் (1757–1820), மீன் வணிகராக இருந்த தொத்தோயா ஹொக்கெய் (1780–1850), கியோக்கா இயற்றவும் வல்ல யஷிமா ககுத்தெய் ஆகியோர் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர்கள்.

பிற்காலம்

1830களின் பஞ்சமும், 1841இல் தொடங்கிய தெம்போ சீர்திருத்தங்களும் எடோவின் ஆடம்பரங்களை ஒடுக்கின. கியோக்காக் குழுக்களின் சுரிமோனோ மங்கியது. கியோத்தோ, ஒசாக்கா பகுதிகளில் ஹைக்காய்க் குழுக்கள் தமக்கான தாள்களைத் தொடர்ந்து அச்சிட்டு வந்தன. 1873இல் ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியபோது, எகோயோமிக்கு அடிப்படையான பெரிய, சிறிய மாதப் புதிரும் பொருளிழந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு நாட்டுச் சேகரிப்பாளர்கள் சுரிமோனோக்களை விரும்பி வாங்கினர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் அவர்களுள் ஒருவர். ஆனால் கவிதைகளைப் படிக்க முடிந்தோர் மிகச் சிலரே. அவை இணைந்தெழுதிய பழைய எழுத்து முறையில் உள்ளமையால், இன்றைய ஜப்பானியருக்கே பயிற்சியின்றிப் படிக்க இயலாது. இதனால் ஏற்பட்ட இழப்பு பெரிது. மடிப்புத் தாள்கள் பல நடுவில் வெட்டப்பட்டு, ஓவியப் பாதி மட்டும் பாதுகாக்கப்பட்டது. எழுத்துப் பாதி எறியப்பட்டது. அவ்வாறு எஞ்சியவற்றில், யார் எந்த நிகழ்வுக்காக வெளியிட்டார் என்பதை அறிய வழியில்லாமல் போயிற்று. சேகரிப்பாளரின் தேவைக்காகக் கட்டைகளைப் புதிதாகச் செதுக்கி அச்சிட்ட நகல்களும் பெருகின. அவற்றை மூலத்தில் இருந்து பிரித்தறிவது இன்றும் அருங்காட்சியகங்களுக்குக் கடினமான வேலை.

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ரோஜர் கீஸ், ஜான் கார்ப்பென்டர் முதலிய ஆய்வாளர்கள் கவிதைகளையும் படித்து, ஓவியத்தோடு சேர்த்து விளக்கத் தொடங்கினர். ரைட்டின் சேகரிப்பில் இருந்த சுரிமோனோக்கள் பற்றிய நூல் 1995இல் வெளிவந்தது. சூரிக் நகரில் உள்ள மரினோ லூசி சேகரிப்பைப் பற்றி, எழுத்துக்கும் படத்துக்கும் இடையிலான உறவை மையப்படுத்திக் கார்ப்பென்டர் பதிப்பித்த நூல் 2008இல் வெளிவந்தது. டப்ளினில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்திலும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் குறிப்பிடத்தக்க சுரிமோனோச் சேகரிப்புகள் உள்ளன.