வாயிற்காவலுக்கு உரிய சுபாவம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கின்ற திருமுக்கூடலில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறித்த நீண்ட சாசனத்தை வாசிப்பவர்கள், அங்கே 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையில் வைத்தியருக்கு மட்டுமன்றி, மூலிகை கொண்டுவருபவருக்கும் தண்ணீர் எடுப்பவருக்கும்கூட ஊதியத்தை வரையறுத்து எழுதியிருக்கும் நேர்மையைக் கண்டு வியக்காமல் இரார். ஒவ்வோர் ஊழியத்துக்கும் அளித்த அந்த மரியாதை, இன்று இவ்வட்டாரத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை வாசல்களுக்குச் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம். வேறு வேலை கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று அதைக் கருதுவது பெரும் பிழை.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், காவலாளிக்கு 18 வயது நிரம்பி 65 எட்டாதிருக்க வேண்டும், நடத்தையை விசாரித்து அறிந்திருக்க வேண்டும் என்கிறது. மறு ஆண்டு வந்த மத்திய மாதிரி விதிகள், ஆணுக்கு 160 சென்டிமீட்டர் உயரம், 6 நிமிஷத்தில் 1 கிலோமீட்டர் ஓட்டம், வர்ணங்களைப் பிரித்தறியும் கண், 160 மணி நேரப் பயிற்சி என்று கணக்கிட்டே சொல்லின. ஆயினும் கோலுக்கும் கடிகாரத்துக்கும் அகப்படாத குணங்கள்தாம் இவ்வுத்தியோகத்தின் உயிர்நாடி.

அவற்றுள் தலையாயது நாணயம். அண்மையிலுள்ள உத்திரமேரூரில் 921-ஆம் ஆண்டிலேயே, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தபோது, பிறர் பொருளைக் கவர்ந்தவரையும், முன் வகித்த பொறுப்புக்குக் கணக்குக் காட்டாதவரையும் அடியோடு விலக்கினார்கள். பிறர் பொருளைக் காக்க நிற்பவருக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும்.

அடுத்தது பொறுமை. இரவு இரண்டு மணிக்கு ஒரு லாரி கேட்டில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்; கேட் பாஸில் 40 பெட்டி, வண்டியில் 41. டிரைவர் அவசரப்படுத்துகிறார், மேலதிகாரியின் பெயரைச் சொல்லி மிரட்டுகிறார், கடைசியில் டீ குடிக்கச் சொல்லி நோட்டை நீட்டுகிறார். அப்போது குரலை உயர்த்தாமல், நோட்டைத் தொடாமல், "ஒரு நிமிஷம் இருங்கண்ணே, போன் போட்டுக் கேட்டுடறேன்" என்று சொல்லி, வண்டி எண்ணையும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் குறித்துக் கையெழுத்து வாங்குகிறவரிடத்தில் நாணயம், விழிப்பு, பணிவு, எழுத்துப் பழக்கம் யாவும் ஒருங்கே இருப்பதைக் காணலாம். தம் அதிகாரத்தின் எல்லையையும் அவர் அறிவார்; போலீஸ் சீருடையை ஒத்த உடை அணிவதையே சட்டம் தண்டிக்கிறதல்லவா!

மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டை உற்சவத்துக்கு எழுந்தருளி, சுற்றுவட்டாரப் பெருமாள்களோடு திருமுக்கூடலில் சேவை சாதிக்கையில் திரளும் ஜனங்களைப் போன்ற கூட்டத்தில் காவல் நிற்பவருக்கோ, உடற்பலத்தினும் அதிகமாக வேண்டுவது முகம் கோணாத சாந்த சுபாவம். தள்ளாத கிழவியை "பாட்டி, இப்படி ஓரமா வாங்க" என்று கைபிடித்து நடத்துகிறவர் சொல்லுக்கு நூறு பேர் தாமாகவே வழிவிடுவார்கள்.

இவ்வேலைக்குப் போக எண்ணும் இளைஞர்கள், உரிமம் பெற்ற முகமைதானா என்று விசாரித்து, பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற பின்னரே சேர வேண்டும். வேலை கொடுப்பவர்களும், உட்கார இடமும், குடிக்கத் தண்ணீரும், அதிகப்படியான நேரத்துக்கு உரிய கூலியும் தவறாமல் தர வேண்டும்.